புல்லுக்குப் போட்ட காப்பீடு: வடக்கு கென்யாவின் மார்சபிட், ஒரு நிகழ்வு ஆய்வு

செத்த மாட்டுக்குக் காப்பீட்டுப் பணம் வாங்க வேண்டும் என்றால், மாடு செத்ததை முதலில் காட்ட வேண்டும். காதில் மாட்டிய வில்லையின் எண், கால்நடை மருத்துவரின் சான்று, மாடு கிடக்கும் போட்டோ என்று ஒரு கட்டுக் காகிதம். மாடு கொட்டகையில் கட்டிக்கிடக்கும் இடத்தில் இது சிரமம் என்றாலும் நடக்கிற காரியம். வடக்கு கென்யாவின் மார்சபிட்டில் நடக்காது. அங்கே மந்தையில் பாதி வீட்டுப் பக்கமே இருக்காது. மேய்ச்சல் தேடிப் பல நாள் நடைதூரம் போன இடத்தில் ஒரு மாடு விழுந்தால், விடிவதற்குள் கழுதைப்புலி வேலையை முடித்துவிடும். ஆய்வாளர் ஒருவர் எப்படியோ போய்ச் சேர்ந்தாலும் அவர் பார்க்கப்போவது எலும்பைத்தான்.

அதனால் 2010 ஜனவரியில் மார்சபிட்டில் விற்பனைக்கு வந்த கால்நடைக் காப்பீடு மாட்டைப் பார்க்கவே இல்லை. செயற்கைக்கோள் படத்தில் தரை எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று மட்டும் பார்த்தது. ஒரு வட்டாரத்தில் புல் மோசமாகக் காய்ந்தால் அங்கே பாலிசி எடுத்த எல்லாருக்கும் பணம். உங்கள் மாடு செத்ததா பிழைத்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவும் சேர்ந்து இதை வடிவமைத்தன. முன்னின்று நடத்திய கென்யப் பொருளியலாளர் ஆண்ட்ரூ மூடேவுக்கு 2016ல் நார்மன் போர்லாக் பெயரிலான கள ஆய்வு விருது கிடைத்தது.

இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் செயற்கைக்கோளில் சொக்கிப்போகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். பணம் எந்த மாதத்தில் கைக்கு வந்தது, அந்த மாதத்தில் மந்தை போவதற்கு இடம் இருந்ததா, இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு மார்சபிட்டைப் படித்தால் கதை வேறு மாதிரித் தெரிகிறது.

மலையும் சமவெளியும்

மார்சபிட், கென்யாவின் மிகப்பெரிய மாவட்டம். கவுண்டி என்பது அங்கே அதற்குப் பெயர். பரப்பு ஏறத்தாழ 71,000 சதுர கிலோமீட்டர். 2019 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4,59,785. அதாவது சதுர கிலோமீட்டருக்கு ஆறேழு பேர். நடுவில் மார்சபிட் மலை; உச்சியில் காடும் மூடுபனியும். மலைச்சரிவுகளில் புர்ஜி மக்களும், ஓரிடத்தில் தங்கிவிட்ட பொரானாக்களும் மக்காச்சோளமும் பீன்ஸும் விதைக்கிறார்கள். கீழே இறங்கினால் எரிமலைக் கல் சிதறிய சமவெளி, அதற்கும் அப்பால் சல்பி பாலைவனம். அந்தப் பக்கமெல்லாம் கப்ரா, ரெண்டில்லே மக்களின் ஒட்டகங்கள். பொரானாக்களுக்கு மாடுதான் எல்லாமும். ஆடு எல்லாரிடமும் உண்டு.

மழை ஆண்டுக்கு இரண்டு முறை. மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுமழை. காகிதத்தில் அப்படி. நடப்பில் ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும், பக்கத்துப் பள்ளத்தாக்கு காய்ந்து கிடக்கும். அடுத்த ஆண்டு அது மாறிப்போகும். இப்படிப்பட்ட நிலத்தில் நூறு ஏக்கரை வேலிபோட்டு வைத்துக்கொள்வதைவிட, எங்கே பெய்ததோ அங்கே போகும் உரிமை பெரிய சொத்து. மேய்ச்சல் மக்களின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு கணக்கின்மேல்தான் நிற்கிறது.

பொரானா மந்தை இரண்டாகப் பிரியும். கறவை மாடும் இளங்கன்றும் வீட்டோடு இருக்கும். அதற்கு வர்ரா என்று பெயர். வற்றிய மாடு, காளை, வளர்ந்த கிடேரி எல்லாம் இளவட்டங்களோடு தூரத்து மேய்ச்சலுக்குக் கிளம்பும், அது ஃபோரா. வீட்டைச் சுற்றியுள்ள புல்லைக் கறவைக்கு ஒதுக்கிவிட்டு, நடக்கத் தெம்புள்ளதை நடக்கவிடுகிறார்கள். கறவை இங்கே இருந்தால் குழந்தைக்குப் பால், மற்றவை அங்கே போனால் புல்லுக்கு ஓய்வு.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இது வெறும் அலைச்சலாகத் தெரிந்தது. 1970களின் வறட்சியில் மந்தையை இழந்த ரெண்டில்லே குடும்பங்களை மிஷனரிகள் மலையில் சோங்கா என்ற இடத்தில் குடியமர்த்தி விவசாயம் செய்யவைத்தார்கள். பள்ளி, மருந்தகம், தண்ணீர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். 1990களில் மானிடவியலாளர்கள் எலியட் ஃப்ராட்கின், எரிக் ராத் இருவரும் மருத்துவர் மார்த்தா நேத்தனும் சேர்ந்து சோங்கா உட்பட ஐந்து ரெண்டில்லே ஊர்களின் குழந்தைகளை எடைபோட்டு, உயரம் அளந்து ஒப்பிட்டார்கள். மந்தையோடு நகர்ந்துகொண்டிருந்தவர்களின் குழந்தைகள் எடையிலும் உயரத்திலும் முன்னால் இருந்தார்கள். காரணம் எளிது. அவர்கள் குடித்த பால், ஓரிடத்தில் தங்கியவர்களின் குழந்தைகள் குடித்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

இதை விவசாயத்துக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோங்காப் பெண்கள் மார்சபிட் டவுனில் காய்கறி விற்றுத் தங்கள் கையில் காசு பார்த்தார்கள். நாடோடிக் குடும்பத்துப் பெண்ணுக்கு அது எளிதில் வாய்க்காது. நான் சொல்லவருவது வேறு. அந்தச் சமவெளியில் கால்நடை என்பது வங்கியில் போட்ட பணம் மாதிரி சும்மா கிடக்கும் சொத்து இல்லை. அன்றாடச் சாப்பாடே அதுதான். காப்பீடு பற்றிப் பேசும்போது இது மறந்துபோகிறது.

வறட்சி வரும் விதம்

வறட்சி ஒரே நாளில் வந்து அடிப்பதில்லை. முதலில் பால் குறையும். அப்புறம் சினை நிற்பது குறையும். கன்றுகள் சாகும். மாடு மெலியும், எழுந்து நிற்க ஆள் தூக்கிவிட வேண்டியிருக்கும். மாடும் செம்மறியும் முதலில் போகும், வெள்ளாடு கொஞ்சம் தாங்கும், ஒட்டகம் கடைசிவரை நிற்கும். இதற்கு நடுவில் சந்தையில் இன்னொரு கூத்து நடக்கிறது. எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க வருவதால் மாட்டு விலை சரிகிறது. எல்லாரும் ஒரே சமயத்தில் தானியம் வாங்குவதால் மக்காச்சோள விலை ஏறுகிறது. போன ஆண்டு ஒரு மாட்டை விற்று வாங்கிய மூட்டைகளில் பாதிகூட இப்போது கிடைக்காது. மெலிந்த மாட்டை விற்று மூட்டை வாங்கியவன் மாடும் போய், மூட்டையும் தீர்ந்து நிற்பான்.

எத்தனை மாடு போனால் ஒரு குடும்பம் திரும்ப எழ முடியாது? எல்லைக்கு அப்பால் தெற்கு எத்தியோப்பியாவில் உள்ள பொரானாக்களிடம் பல ஆண்டுத் தரவுகளை வைத்து ஆராய்ந்த லிபர்ட், பாரட் குழுவினர் 2004ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மந்தை சுமார் 15 மாடுகளுக்குக் கீழே இறங்கிவிட்டால் திரும்ப வளர்வது அபூர்வம். அத்தனை குறைந்த மந்தையை வைத்துக்கொண்டு தூரத்து மேய்ச்சலுக்கு ஆளைப் பிரித்து அனுப்ப முடியாது. ஆள் போகாவிட்டால் மாடு ஊரைச் சுற்றியே மேயும், ஊரைச் சுற்றிப் புல் இருக்காது, மந்தை இன்னும் குறையும். ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் நடுவில் இப்படி ஒரு பள்ளம். ஒரே ஒரு வறட்சி ஒருவனை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிடும்.

இதற்கு அவர்களிடம் சொந்த ஏற்பாடு இல்லாமல் இல்லை. பொரானாக் குலங்களில் புசா கோனோஃபா என்ற வழக்கம் உண்டு. மந்தையை இழந்தவன் குலத்தாரிடம் முறையிட்டால், அவன் எப்படி இழந்தான், எத்தனை இழந்தான் என்று விசாரித்து ஆளுக்கொரு மாடு கொடுத்து எழுப்பிவிடுவார்கள். கப்ராக்களிடம் தபாரே என்று ஒன்று உண்டு. பெண் ஒட்டகத்தை இன்னொருவரிடம் வளர்க்கக் கொடுப்பது. பால் வைத்திருப்பவருக்கு, ஈன்றது உடையவருக்கு. ஒட்டகங்கள் பல கைகளில் பிரிந்து கிடப்பதால் ஓரிடத்தில் அடி விழுந்தாலும் மொத்தமும் போவதில்லை. திருட்டு, நோய், சிங்கம் என்று ஒருவருக்கு மட்டும் நேரும் கஷ்டத்துக்கு இவை அருமையான ஏற்பாடு. குலம் முழுவதும் ஒரே வறட்சியில் மாட்டை இழந்து நிற்கும்போது யார் யாருக்குக் கொடுப்பது? காப்பீடு நுழைய வேண்டிய சந்து அதுதான். வடிவமைத்தவர்கள் அதைச் சரியாகப் பிடித்தார்கள் என்றே நினைக்கிறேன்.

10.8 அலகு மந்தையின் கணக்கு

முதல் ஒப்பந்தம் எப்படி வேலை செய்தது என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். அவர்களிடம் 6 மாடு, 2 ஒட்டகம், 20 ஆடு.

கால்நடைகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர ஓர் அலகு வைத்திருந்தார்கள். ஒரு மாடு 1 அலகு, ஒட்டகம் 1.4, பத்து ஆடு சேர்ந்தால் 1. நம் குடும்பத்துக்கு 6, 2.8, 2, ஆக மொத்தம் 10.8 அலகு. அலகுக்கு 15,000 கென்ய ஷில்லிங் மதிப்பு வைத்தார்கள். மந்தையின் மதிப்பு 1,62,000 ஷில்லிங். வறட்சி அதிகம் தாக்கும் வடபகுதியான மைக்கோனா, நார்த் ஹார் பக்கம் பிரீமியம் 5.5%, தெற்கே லைசாமிஸ் போன்ற இடங்களில் 3.25%. மானியம் போகத்தான் இந்த விலை. வடபகுதிக் குடும்பம் என்றால் ஆண்டுக்கு 8,910 ஷில்லிங் கட்ட வேண்டும். அதே அளவுகோலில் ஓர் ஆட்டின் மதிப்பு 1,500 என்பதால், கிட்டத்தட்ட ஆறு ஆடு. ஆறு ஆட்டை விற்று ஒரு காகிதம் வாங்குவது என்று யோசித்துப் பாருங்கள்.

செயற்கைக்கோள் தரும் பசுமைக் குறியீட்டையும், வறட்சி கண்காணிப்புக்காக அரசு 2000 முதல் குடும்பங்களிடம் மாதாமாதம் சேகரித்த கால்நடை இறப்பு விவரத்தையும் பொருத்தி ஒரு சூத்திரம் போட்டிருந்தார்கள். தரை இவ்வளவு காய்ந்தால் வட்டாரத்தில் சராசரியாக இத்தனை விழுக்காடு கால்நடை செத்திருக்கும் என்று அது சொல்லும். 15% வரை மந்தைக்காரர் பொறுப்பு. அதற்கு மேல் போனதற்கு மட்டும் பணம். சூத்திரம் 33% என்று சொன்னால், 15ஐக் கழித்து 18%. நம் குடும்பத்துக்கு 29,160 ஷில்லிங். உண்மையிலேயே மந்தையில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தால் அவர்களின் நஷ்டம் 53,460. பாதிக்குக் கொஞ்சம் மேல் திரும்புகிறது. சூத்திரம் 14% என்று சொல்லி, இவர்களுடைய மந்தையில் பாதி செத்திருந்தால்? ஒரு காசும் வராது. மாறாக, வட்டாரமே காய்ந்து, இவர்கள் மட்டும் சாமர்த்தியமாக மந்தையை வேறு பக்கம் ஓட்டிப் பிழைக்கவைத்திருந்தால் முழுப் பணமும் உண்டு. இந்த இரண்டாவது வாய்ப்பைப் பலர் ஓட்டை என்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே பிடித்த இடம் அதுதான். மாட்டைக் காப்பாற்றியவனுக்கு அபராதம் போடாத காப்பீடு வேறு எங்கே இருக்கிறது?

முதல் பணம்

2010 அக்டோபரில் வர வேண்டிய குறுமழை பொய்த்தது. 2011 மார்ச் மழையும் பொய்த்தது. ஆப்பிரிக்காவின் கொம்பு முழுவதையும் உலுக்கிய வறட்சி அது. சோமாலியாவில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. மார்சபிட்டில் குறியீடு எல்லைக்கோட்டைத் தாண்டியது. 2011 அக்டோபரில் பாலிசி வைத்திருந்த அறுநூற்றுச் சொச்சம் மேய்ச்சல்காரர்களுக்கு முதன்முறையாகப் பணம் கொடுக்கப்பட்டது.

அதை ஒட்டி நடந்த கணக்கெடுப்பை வைத்து ஜான்சன், கார்ட்டர் இருவரும் செய்த ஆய்வு இத்துறையில் அதிகம் பேசப்படுவது. காப்பீடு இருந்தவர்கள் நெருக்கடிக்குக் கால்நடை விற்பதும் குறைந்தது, சாப்பாட்டு வேளையைக் குறைப்பதும் குறைந்தது. யாருக்கு எது குறைந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓரளவு மந்தை உள்ளவர்கள் மாட்டை விற்பதைத் தவிர்த்தார்கள். மிகக் குறைவாக வைத்திருந்தவர்கள் வயிற்றைக் கட்டுவதைத் தவிர்த்தார்கள். காப்பீடு இல்லாத ஏழை, மிச்சமிருக்கும் இரண்டு மாட்டை விற்றால் அப்புறம் எழவே முடியாது என்று தெரிந்து, குழந்தையின் சாப்பாட்டைக் குறைத்து மாட்டைக் காப்பாற்றுகிறான். மேலே சொன்ன அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்பவன் அப்படித்தான் செய்வான்.

பாராட்டெல்லாம் சரி. ஆனால் மாதத்தைப் பாருங்கள். அக்டோபர். அடுத்த மழை தொடங்கும் மாதம். சாக வேண்டிய மாடு ஜூலையிலும் ஆகஸ்டிலும் செத்துவிட்டது. ஒப்பந்தமே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. இறப்பைக் கணித்து, இறந்ததற்கு ஈடு கொடுப்பது. மாடு செத்தபின் வருகிற 29,000 ஷில்லிங்கில் இரண்டு மாடு வாங்கலாம். செத்துக்கொண்டிருக்கும்போது அதில் ஒரு பங்கு வந்திருந்தால் தீவனமும் மருந்தும் வாங்கி, தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்து மூன்று நான்கு மாட்டைப் பிழைக்கவைத்திருக்கலாம். இது புரிந்து ஒப்பந்தம் மாற நான்கு ஆண்டு ஆயிற்று.

வாங்காதவர்கள்

முதல் விற்பனையில் ஏறத்தாழ 2,000 பேர் வாங்கினார்கள். புதுப் பொருளுக்கு அது நல்ல தொடக்கம். அடுத்தடுத்த முறை சில நூறு பேராகக் குறைந்தார்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஒரு விற்பனைத் தவணை, ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொன்று என்பது ஏற்பாடு. நிறுவனங்களின் பக்கச் சிக்கல்களால் சில தவணைகளில் விற்பனையே நடக்கவில்லை. ஒரு முறை வந்து, அடுத்த முறை வராத கடையை யார் நம்புவார்கள்?

தவணைக் காலமும் எனக்கு உறுத்துகிறது. கணக்குப்படி மழைக்கு முன் விற்றுத்தான் ஆக வேண்டும். மழை தெரிந்தபின் விற்றால் எல்லாரும் வறட்சி உறுதியானதும்தான் வாங்குவார்கள். ஆனால் மழைக்கு முந்திய மாதங்கள்தான் வறண்ட காலத்தின் கடைசி. பால் இல்லை, மாடு மெலிந்திருக்கிறது, விற்றால் விலை இல்லை. கையில் காசே இல்லாத மாதத்தில் பிரீமியம் கேட்கிறார்கள். இதற்கு ஒப்பந்தக்காரர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, அந்தப் பொருளின் இயல்பே அப்படி. ஆனால் ஏன் வாங்கவில்லை என்ற கேள்விக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று எழுதிய அறிக்கைகளைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. விழிப்புணர்வுக்கு விளையாட்டு, கேலிச்சித்திரம், கிராம முகவர் என்று எல்லாம் செய்தார்கள். காசுக்குத்தான் வழி செய்யவில்லை.

இன்னொரு காரணம் ஆழமானது. காப்பீடு உண்மையில் எத்தனை ஆபத்தைத் தாங்குகிறது என்று ஜென்சன், பாரட், மூடே மூவரும் கணக்கிட்டார்கள். பெரிய இழப்பு நேரும் ஆண்டுகளில் ஒரு குடும்பத்துக்கு இருந்த ஆபத்தில் சராசரியாக 69%, பாலிசி எடுத்த பிறகும் அப்படியே இருந்தது. குறியீட்டின் பிழை அதில் ஒரு பங்கு. பெரும்பங்கு, குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும் இழப்பு. இவனுக்கு நோய், அவனுக்குத் திருட்டு, இன்னொருவனுக்குச் சரியான நேரத்தில் நகராத மந்தை. புல்லைப் பார்க்கும் கண்ணுக்கு இவை தெரியாது. திட்டத்தை உருவாக்கியவர்களே இந்த எண்ணைக் கண்டுபிடித்து வெளியிட்டது பெரிய விஷயம். தன் சரக்கின் குறையைத் தானே அளந்து சொல்பவர்கள் குறைவு.

பக்கத்து வஜீர் கவுண்டியில் 2013ல் இஸ்லாமிய முறைப்படி அமைந்த தக்காஃபுல் வடிவம் வந்தது. வட்டியும் சூதும் கலந்த பொருள் என்று ஒதுங்கியிருந்த முஸ்லிம் மேய்ச்சல்காரர்களுக்கு அது கதவைத் திறந்தது. எத்தியோப்பியாவின் பொரேனாப் பகுதியில் அதற்கு முந்திய ஆண்டே ஒரோமியா காப்பீட்டு நிறுவனம் இதே பாணியில் தொடங்கியிருந்தது.

சாவதற்கு முன்

2015ல் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று, சூத்திரத்திலிருந்து இறப்பை எடுத்துவிட்டார்கள். பசுமை அந்த இடத்தின் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் பார்ப்பது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வருகிற அளவுக்கு மோசமாக இருந்தால் பணம். தொகையும் செத்த மாட்டின் விலையிலிருந்து, உயிரோடிருக்கும் மாட்டைப் பிழைக்கவைக்கும் செலவுக்கு மாறியது: அலகுக்கு ஆண்டுக்கு 14,000 ஷில்லிங். மழைக்காலம் முடிந்ததும் கணக்குப் போட்டுவிடலாம். வறண்ட காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மாடு எழுந்து நிற்கும்போதே பணம் வர வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, கென்ய அரசு தானே பிரீமியம் கட்ட முன்வந்தது. வஜீர், துர்கானா கவுண்டிகளில் 2015 அக்டோபரில் தொடங்கியது. தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்குத் தலா 5 அலகு வரை முழுச் செலவும் அரசுடையது. பின்பு மார்சபிட் உட்பட 8 கவுண்டிகளுக்குப் பரவி ஏறத்தாழ 18,000 குடும்பங்களைத் தொட்டது. 2016ன் குறுமழை பொய்த்ததும், 2017 பிப்ரவரியில் சுமார் 12,000 குடும்பங்களுக்கு 21.4 கோடி ஷில்லிங் போனது. குடும்பத்துக்குச் சராசரி 18,000க்குச் சற்றுக் குறைவு. பிப்ரவரி என்பதைக் கவனியுங்கள். அடுத்த மழை இன்னும் தொடங்கவில்லை. 2011 அக்டோபரோடு ஒப்பிட்டால் இது வேறு காப்பீடு.

அரசு கட்டுவதில் ஒரு சிக்கல். நிதிநிலை அறிக்கையில் இடம் இருக்கும்வரை பாலிசி இருக்கும். அந்தத் திட்டம் நீடிக்கவில்லை. 2022ல் உலக வங்கி ஒப்புதல் கொடுத்த டிரைவ் என்ற திட்டம் கென்யா, எத்தியோப்பியா, சோமாலியா, ஜிபூத்தி நான்கையும் சேர்த்து அந்த இடத்துக்கு வந்தது. இதில் சேமிப்புக் கணக்கையும் காப்பீட்டையும் பிணைத்திருக்கிறார்கள். மேய்ச்சல்காரரும் ஒரு பங்கு போட வேண்டும்.

பச்சையெல்லாம் புல் இல்லை

சீமைக்கருவேலம் கென்யாவிலும் இருக்கிறது. மத்தெங்கே என்பது அங்கே அதன் பெயர். வறண்ட நிலத்தைப் பசுமையாக்க நல்ல எண்ணத்தில் கொண்டுவந்ததுதான். பரிங்கோ கவுண்டியில் அது மேய்ச்சல் நிலத்தை விழுங்கி, அதன் காயைத் தின்ற ஆடுகளுக்குப் பல் கொட்டி, கடைசியில் மக்கள் வழக்குப் போட்டு, பல் போன ஓர் ஆட்டையே சாட்சியாகக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வானத்திலிருந்து பார்த்தால் அந்த முள்காடு அருமையான பச்சை. மாட்டுக்கு அதன் இலை ஆகாது. பசுமைக் குறியீடு பச்சையை அளக்கும். அந்தப் பச்சை மாட்டின் வாய்க்குப் போகுமா என்று அதற்குத் தெரியாது. முள் மெதுவாகப் பரவினால் குறியீட்டில் வறட்சி குறைந்ததுபோலக்கூடத் தோன்றும்.

இதைவிடப் பெரியது, புல் இருக்கிறது, ஆனால் போக முடியாது என்ற நிலை. குறியீடு சொல்வதற்கும் குடும்பத்தின் உண்மையான இழப்புக்கும் உள்ள இடைவெளியைக் காப்பீட்டுக்காரர்கள் பேசிஸ் ரிஸ்க் என்பார்கள். இதுவும் அதில் ஒரு வகைதான். 2005 ஜூலையில் மார்சபிட்டின் டர்பி கிராமத்தில் நடந்த தாக்குதலில் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். பொரானாக்களுக்கும் கப்ராக்களுக்கும் நடுவிலிருந்த பகையின் உச்சம் அது. அப்படி ஒன்று நடந்தால் பல கிணறுகளும் மேய்ச்சல்களும் வருடக்கணக்கில் யாருக்கும் இல்லாமல் போகும். புல் அங்கே நன்றாக வளர்ந்திருக்கும், செயற்கைக்கோளும் அதைப் பதிவுசெய்யும், பக்கத்தில் மந்தை பட்டினி கிடக்கும்.

நிலத்தின் சட்டக் கணக்கு இன்னொரு பக்கம். பரம்பரையாக மேய்த்த நிலம் நீண்டகாலம் உள்ளூர் மன்றங்களின் அறக்கட்டளைப் பொறுப்பில் இருந்தது. மேய்த்தவர்கள் கையில் பத்திரம் கிடையாது. மார்சபிட்டின் லோயாங்களானிப் பக்கம் 365 காற்றாலைகளோடு 310 மெகாவாட் திறனுள்ள துர்கானா ஏரிக் காற்றாலைத் திட்டம் வந்தது. அதற்காக ஒதுக்கப்பட்டது 1.5 லட்சம் ஏக்கர். அந்த நிலப் பத்திரங்கள் முறைகேடாகப் பெறப்பட்டவை என்று மேருவில் அமர்ந்த சுற்றுச்சூழல், நில நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2016ன் சமூக நிலச் சட்டம், மேய்ச்சல் சமூகம் தன் நிலத்தைத் தன் பெயரில் பதிவுசெய்ய வழி கொடுத்திருக்கிறது. பதிவு நத்தை வேகத்தில் நடக்கிறது. மேய்ச்சலைப் பத்திரத்தில் எழுதும்போது எல்லைக்கல் நட வேண்டும். எல்லையே இல்லாமல் நகர்வதுதான் அந்த நிலத்தின் பயன் என்னும்போது, பத்திரம் பாதுகாப்பா இன்னொரு வேலியா என்பது எழுதுகிறவரைப் பொறுத்தது.

காப்பீடு கொடுக்கும் 18,000 ஷில்லிங்கை வைத்து ஒரு குடும்பம் என்ன செய்யும்? தூரத்து மேய்ச்சலுக்கு லாரி பிடிக்கும், அல்லது அங்கே நடந்துபோகிற ஆளுக்குச் செலவுக்குக் கொடுக்கும், அல்லது தீவனம் வாங்கும். முதல் இரண்டும் போக இடம் இருந்தால்தான். மூன்றாவது, சந்தையில் தீவனம் இருந்தால்தான். வறட்சியில் அதுவும் விலை ஏறும். காப்பீட்டை வடிவமைத்தவர்கள் பணத்தைப் பற்றி மிகக் கவனமாக யோசித்திருக்கிறார்கள். அந்தப் பணம் எங்கே நடக்கும் என்பதை அவர்கள் கையில் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது.

2020 அக்டோபரிலிருந்து 2022 டிசம்பர் வரை தொடர்ந்து ஐந்து மழைகள் பொய்த்தன. கென்யாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. ஒரு மழை பொய்த்தால் மந்தையைத் தாங்கிப் பிடிப்பதற்கான கருவி ஐந்து மழைக்குத் தாங்காது. ஐந்தாவது முறை பணம் வரும்போது காப்பாற்ற என்ன மிச்சம் இருக்கும்? அடுத்த ஆண்டுக்கான பிரீமியமும் கூடவே ஏறுகிறது.

பத்து ஆண்டு கழித்து

தொடக்கத்தில் ஆய்வுக்காகச் சில குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் தள்ளுபடிக் கூப்பன் கொடுத்திருந்தார்கள். கூப்பன் கிடைத்தவர்கள் அதிகம் வாங்கினார்கள். இந்தக் குலுக்கலால் பிற்பாடு ஒரு நல்ல காரியம் நடந்தது. பத்து ஆண்டு கழித்து மார்சபிட், பொரேனா இரண்டிலும் அதே குடும்பங்களைத் தேடிப்போய் ஒப்பிட முடிந்தது.

மந்தையின் அளவில் வித்தியாசம் இல்லை. வருமானத்திலும் இல்லை. காப்பீடு மந்தையைப் பெருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். மாறியவை இரண்டு. ஆடு போன்ற சிறு கால்நடையிலிருந்து மாடு, ஒட்டகம் போன்ற பெரியவற்றின் பக்கம் மந்தை சாய்ந்திருந்தது. பிள்ளைகள் கூடுதலாகப் படித்திருந்தார்கள்.

இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டவை என்பது என் ஊகம். நெருக்கடிக்கு உடனே விற்கவும், அடிபட்டபின் சீக்கிரம் பெருகவும் ஆடு உதவும். அதனால் பயந்தவன் ஆடு வைத்திருப்பான். வறட்சிக்கு வேறொரு பிடிமானம் கிடைத்தால் ஆட்டைக் குறைத்து ஒட்டகத்தைக் கூட்டலாம். ஒட்டகத்தோடு போகிறவர்கள் வளர்ந்த இளைஞர்கள். ஆட்டுக்குட்டியின் பின்னால் காலையில் போய் மாலையில் திரும்புவது எட்டு வயதுப் பையனின் வேலை.